கிணற்றில் நீர் ஏறுவதற்குள்

பாறைப்பட்டி,
யுவ வருஷம், மாசி 9

அன்புள்ள தம்பி கருத்தக்கண்ணனுக்கு அக்காள் சின்னத்தாய் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். கடல் தாண்டி இருக்கிற உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் நம் கருப்பசாமி பார்த்துக்கொள்ளட்டும்.

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு, அக்காள் ஏன் கட்டிக்கொடுத்த மேலப்பட்டியிலிருந்து எழுதாமல் அப்பா வீட்டிலிருந்து எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போன ஆடிக் காற்றில் நம் வீட்டுக் கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. அப்பாவும் அம்மாவும் போனபின் பூட்டியே கிடக்கிற வீடு. ஆள் புழங்காவிட்டால் கரையான் தின்றுவிடும் என்று வந்தேன். கூரை வேய்ந்தாகிவிட்டது. கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று இருக்கிறேன். நம் நிலத்தை மொக்கையன் விளைச்சலில் பாதி தருவதாக வாரத்துக்கு வைத்திருக்கிறான். இந்த வருஷம் மழை இல்லாததால் அதுவும் தரிசாகத்தான் கிடக்கிறது. களை பறிக்கவும் இல்லை, கதிர் அறுக்கவும் இல்லை. விடிந்தால் பொழுது மலை மாதிரி முன்னால் நிற்கிறது.

அதனால் ஒரு காரியம் செய்தேன். நீ சிரிக்கக் கூடாது. செக்கானூரணிச் சந்தையில் வறுத்த கடலை வாங்கினேன். மடித்துக் கொடுத்த தாளில் ஒரு பூனைப் படமும் அதன் கீழே இங்கிலீஷ் எழுத்தும் இருந்தன. "இந்தப் புஸ்தகம் மிச்சம் இருக்கா ஆத்தா?" என்று கடலைக்காரியைக் கேட்டேன். சாக்குக்கு அடியிலிருந்து பாதி கிழிந்ததை எடுத்துப் போட்டாள். சின்னப் பிள்ளைகள் படிக்கிற முதல் புத்தகம். நாம் அஞ்சாம் வகுப்பில் படித்த இங்கிலீஷ் எழுத்துகள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. எழுத்துக் கூட்டி 'கேட்' என்று படித்தேன். படம் பூனை என்றது. அன்றைக்கு எனக்கு வேறு சோறு வேண்டியிருக்கவில்லை.

மேலப்பட்டியில் எல்லாரும் நலம். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்காள்
சின்னத்தாய்


கொழும்பு,
14 மார்ச் 1936

என் அக்காவுக்குத் தம்பி கருத்தக்கண்ணன் வணக்கம். அரிசி மண்டி வேலையில் தோள் காய்த்துப் போனதைத் தவிர உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் மச்சானும் நலமாக இருக்க வேண்டும்.

சிரிக்கவில்லை அக்கா. நீ பூனையைப் படித்த கதையை என் அறையில் இருக்கிறவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். மேலூர்க்காரர் சோலை அண்ணன் இருக்கிறாரே, எங்கள் எல்லாருக்கும் மூத்தவர், அவர் சீட்டுக்கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "யாரும் சொல்லிக் குடுக்காமலா? இன்னொரு தடவ வாசிப்பா" என்றார்.

அவருடைய மச்சினன் ஊருக்கு வருகிறான். அவனிடம் சின்ன அகராதி ஒன்று கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இங்கிலீஷ் வார்த்தைக்குத் தமிழில் அர்த்தம் போட்டிருக்கும். மச்சான் உன் படிப்பைப் பார்த்து என்ன சொன்னார்? மேலப்பட்டிக்கு எப்போது திரும்புகிறாய்? அவருக்கு ஒத்தை ஆளாகச் சமைத்துச் சாப்பிடத் தெரியாதே.

உன் தம்பி
கருத்தக்கண்ணன்


பாறைப்பட்டி,
தாது வருஷம், சித்திரை 20

ஆசைத் தம்பிக்கு அக்காள் எழுதுவது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. மற்றபடி நான் சுகம். உன் தோளுக்கு விளக்கெண்ணெய் தேய்த்துச் சுடுதண்ணீர் ஊற்று.

அகராதி வந்தது. அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். அது கிடக்கட்டும், இப்போது வேறொன்று சொல்லப் போகிறேன். நான் நீச்சல் பழகுகிறேன்.

நம் கிணற்றில் தண்ணீர் நெஞ்சளவுக்கு வற்றிவிட்டது. இத்தனை வயதுவரை அதில் குடத்தை இறக்கியிருக்கிறேன், நான் இறங்கியதில்லை. கோடையில் கால் தரையில் பாவும்போதே பழகிவிட வேண்டும். ஐப்பசி மழையில் தண்ணீர் மூன்றாள் மட்டம் ஏறிவிடும். அதற்குள் நீச்சல் வந்தால் உண்டு. சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு இறங்குகிறேன். முதல் நாள் குடித்த தண்ணீருக்கு இரண்டு நாள் தாகமே எடுக்கவில்லை.

அடுத்த வீட்டுத் தங்கப்பொண்ணு கிணற்று மேட்டில் நின்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். "ஏண்டி, இந்த வயசுல தவக்களையாகப் போறியா?"

"தவக்களைக்கு யாரு சொல்லிக் குடுத்தா? அதப் பாத்துத்தான் நானும் கத்துக்கிறேன்" என்றேன்.

நிஜமாகவே அப்படித்தான். படியில் உட்கார்ந்து தவளை காலை எப்படி மடக்குகிறது, எப்படி உதைக்கிறது என்று பார்ப்பேன். அது கையை அதிகம் ஆட்டுவதில்லை. நான் கையைத்தான் போட்டு அடித்துக்கொண்டிருந்தேன். காலை உதைத்ததும் உடம்பு தானாக முன்னால் போனது. அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல அகராதியில் தேடினேன், அகப்படவில்லை.

வெயிலில் அலையாதே. மோர் குடி.

அக்காள்
சின்னத்தாய்


கொழும்பு,
23 மே 1936

அக்காவுக்கு அனேக வணக்கம். இங்கு மழை பிடித்துவிட்டது. சளி இருந்து போய்விட்டது. இப்போது சுகம்.

இப்போதெல்லாம் தபால்காரர் வந்தால் எனக்கு முன்னால் சோலை அண்ணன்தான் வாசலுக்குப் போகிறார். தவளைக் கதையைக் கேட்டுவிட்டு, "இம்புட்டு நாளா கடலுக்குப் பக்கத்துல இருக்கோம், ஒருத்தனுக்காச்சும் நீந்தத் தெரியுமாடா?" என்று எங்களைக் கேட்டார். ஒருவருக்கும் தெரியாது.

வெட்கம் வந்து நானும் ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். சிங்களம் படிக்கிறேன். எழுத்தெல்லாம் ஜாங்கிரி பிழிந்த மாதிரி இருக்கிறது. தினம் சீட்டாடுகிற நேரத்தில் கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். நேற்று 'முடிதிருத்தும் நிலையம்' என்று நானாகப் படித்து உள்ளே போனேன். அது ரொட்டிக் கடை. ஆனாலும் விடப்போவதில்லை. அக்காள் விடவில்லை, தம்பி விடலாமா?

மச்சானுக்குத் தனியாக இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. என் மேல் ஏதும் வருத்தமா? நீ இன்னும் பாறைப்பட்டியிலேயே இருக்கிறாய் போலிருக்கிறதே.

தம்பி
கருத்தக்கண்ணன்


பாறைப்பட்டி,
ஆடி 25

தம்பிக்கு அக்காள் எழுதுவது. நான் சுகம், நம் வீட்டு ஆடுகள் சுகம். நீ ரொட்டிக் கடையில் முடிவெட்டப் போனதை நினைத்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஊர்ச் சாவடியில் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு வருஷக் கணக்கில் எரியாமல் கிடந்தது உனக்கு நினைவிருக்கும். ஊர்த்தலைவர் மலையாண்டி ஐயாவிடம் போய், "அத நான் கழட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டேன். "எரியாததத்தான கேக்குற, கொண்டு போ" என்றார். வாசலில் சாக்கை விரித்து, கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொன்றாக வைத்தேன். ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். திருகியில் பொறித்திருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டி, எந்தப் பக்கம் திருகினால் திறக்கும், எந்தப் பக்கம் மூடும் என்று கண்டுபிடித்தேன். பம்பின் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தது. தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டதும் காற்றைப் பிடித்தது. எண்ணெய் வருகிற கண் அடைத்திருந்ததை ஊசியால் எடுத்தேன்.

ஆடி வெள்ளிக்குக் கோயிலில் ஏற்றினேன். முதலில் புஸ்ஸென்று தீ பிடித்தது. கூட்டம் பின்னால் ஓடியது. நான் ஓடவில்லை. காற்றைத் திறந்துவிட்டுத் திரும்ப அடித்தேன். மேண்டில் என்கிற துணி வலை வெள்ளையாகப் பூத்தது. கோயில் வாசலில் இருந்த ஒவ்வொருத்தர் முகமும் தெரிந்தது. "யாத்தே, பகலாக்கிட்டாளே" என்றாள் தங்கப்பொண்ணு. இப்போது பக்கத்து ஊர்களிலிருந்தும் விளக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

உன் மச்சானுக்கு நீ கடிதம் எழுத வேண்டாம். அவருக்கு வாசித்துக் காட்ட ஆள் இல்லை.

அக்காள்
சின்னத்தாய்


கொழும்பு,
30 ஆகஸ்ட் 1936

அக்காவுக்கு வணக்கம். நான் சுகம். நீ சுகமா என்று இந்தத் தடவை ஒப்புக்குக் கேட்கவில்லை.

விளக்குக் கடிதத்தை வாசித்து முடித்ததும் அறையில் எல்லாரும் கை தட்டினார்கள். சோலை அண்ணன் மட்டும் தட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க அக்கா பெரிய ஆளுதான். ஆனா ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. குடும்பம் நடத்துற பொம்பளைக்கு மாசக் கணக்குல இம்புட்டுப் பொழுது எங்கிருந்துடா கெடைக்குது?"

உன் கடிதங்களை எல்லாம் எடுத்துத் திரும்ப வாசித்தேன். மச்சான் என்ன சொன்னார், என்ன செய்கிறார் என்று ஒரு வரி இல்லை. அவருக்கு வாசித்துக் காட்ட ஆள் இல்லை என்கிறாய். நீ எங்கே போனாய்? மறைக்காமல் எழுது.

கருத்தக்கண்ணன்


கொழும்பு,
17 அக்டோபர் 1936

அக்கா,

பதில் வரவில்லை. உனக்கு உடம்புக்கு ஏதுமா? தினம் வாசலில் நின்று தபால்காரரைக் கேட்கிறேன். இந்தக் கடிதத்துக்கும் பதில் இல்லையென்றால் கப்பல் ஏறிவிடுவேன்.

கருத்தக்கண்ணன்


பாறைப்பட்டி,
ஐப்பசி 12

என் உடன்பிறப்புக்கு அக்காள் எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. முதலில் அதை நம்பு. பிறகு மேலே வாசி.

கூரை இறங்கியது உண்மை. அதற்காக நான் வரவில்லை. போன தை மாதம் உன் மச்சான் இரண்டாம் தாரம் கட்டினார். பிள்ளை இல்லை என்பதுதான் காரணம். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. "நீ பாட்டுக்கு இரு. ஒன் சோத்துக்கு என்ன கொற வைக்கப் போறேன்?" என்றார். "சோத்துக்காகவா நான் இங்க இருந்தேன்?" என்று கேட்டுவிட்டு என் துணிமணியோடு வந்துவிட்டேன்.

வந்த புதிதில் அடுப்பு மூட்டவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கால் தானாக மேலப்பட்டிப் பாதைக்குப் போகும். பாதி வழி போய்த் திரும்பியிருக்கிறேன். அந்த வாசலில் போய் நின்றுவிடுவேனோ என்று எனக்கே என் மேல் பயம். காலைக் கட்டிப்போட ஏதாவது வேண்டியிருந்தது. அப்போதுதான் அந்தப் பூனைப் படம் கையில் கிடைத்தது. பொழுது போகவில்லை என்று உனக்கு எழுதினேன். பொழுதா அது? ஒவ்வொரு நாளும் என்னைத் தின்ன வந்தது.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று உனக்கே தெரியும். வாய்க்கால் தகராறில் ஒருவன் கையை முறித்துவிட்டுச் சிறைக்குப் போனவன் நீ. இன்னொரு தடவை என்றால் நம் ஆட்களை அடக்க வெள்ளைக்காரன் போட்ட ரேகைச் சட்டத்தில் உன் பெயர் ஏறிவிடும், ராத்திரி தவறாமல் போலீஸ் கொட்டடியில் போய்ப் படுக்க வேண்டிவரும் என்றுதான் அப்பா உன்னைக் கப்பல் ஏற்றினார். எனக்காக நீ கை ஓங்கினால் அப்பா பட்ட பாடெல்லாம் வீண். எனக்கும் இருக்கிற ஒரே தம்பி போய்விடுவான்.

இங்கே மழை நன்றாகப் பெய்கிறது. கிணற்றில் தண்ணீர் கால் நிலைக்காத மட்டத்துக்கு ஏறிவிட்டது. நேற்று குடுக்கையை அவிழ்த்து மேட்டில் வைத்துவிட்டு இறங்கினேன். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்த் திரும்பினேன். நான் முழுகிப் போகவில்லை தம்பி. அதை உனக்கு எப்படிச் சொல்லுவேன்?

வர வேண்டாம். வருவதானால் கோபத்தை அங்கேயே வைத்துவிட்டு வா.

அக்காள்
சின்னத்தாய்


கொழும்பு,
9 நவம்பர் 1936

கடிதம் கிடைத்தது. மண்டியில் லீவு சொல்லிவிட்டேன். இந்த மாதக் கடைசியில் வருகிறேன். மற்றதை நேரில்.

கருத்தக்கண்ணன்


மண்டபம் முகாம்,
28 டிசம்பர் 1936

என் அருமை அக்காவுக்குத் தம்பி விழுந்து கும்பிட்டு எழுதுவது. ரயிலில் சுகமாக வந்து சேர்ந்தேன். கொழும்புக்குப் போகிறவர்களுக்கு நோய் நொடி இல்லை என்று டாக்டர் சீட்டுக் கொடுக்கும்வரை இங்கே கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். கடல் காற்று நன்றாக இருக்கிறது.

உன் வீட்டில் இருந்தபோது ஒன்றைச் சொல்ல வாய் வரவில்லை. எழுத்தில்தான் வருகிறது.

அன்றைக்குச் சாயங்காலம் செக்கானூரணியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பெட்டியில் துணிக்கு அடியில் புதிதாகச் சாணை பிடித்த அரிவாள் இருந்தது. நான் நடந்தது மேலப்பட்டிப் பாதையில். ஊருக்குச் சற்று முன்னால் ஒரு காப்பிக் கடை. தொண்டை வறண்டிருந்ததால் நின்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஊருப்பா?"

"பாறைப்பட்டி. பேரு கருத்தக்கண்ணன்."

"அட, வெளக்குக்கார சின்னத்தாயி தம்பியா? கொழும்புல இருக்கிறவரு? உக்காருங்க தம்பி." உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "இந்தா, நம்ம கடை வெளக்க எரிய வச்சுக் குடுத்தாகள்ல, அவுக தம்பி வந்திருக்காரு."

அக்கா, அது மச்சானுடைய ஊர் எல்லை. அங்கே இருக்கிறவர் உன்னை விருமாண்டி பெண்டாட்டி என்று சொல்லவில்லை, அவன் தள்ளி வைத்தவள் என்றும் சொல்லவில்லை. உன் பெயரைச் சொன்னார், உன் வேலையைச் சொன்னார். காப்பிக்கு என்னிடம் காசும் வாங்கவில்லை. யாருடைய மானத்தைக் காப்பாற்ற நான் கடல் தாண்டி வந்தேனோ, அவளுடைய மானம் அந்தக் கடையில் மேலே தொங்கிக்கொண்டு வெளிச்சமாக எரிந்தது. நான் அங்கே போய் என்ன வெட்டுவது? எழுந்து வந்த வழியே திரும்பி உன்னிடம் வந்தேன்.

மறுநாள் கிணற்று மேட்டில் நின்று பார்த்தேன். நிறைந்த கிணற்றில் நீ மல்லாந்து, கை காலை அசைக்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு மிதந்தாய். "எறங்குடா" என்றாய். நான் படியைப் பிடித்துக்கொண்டு முட்டளவு தண்ணீருக்கு மேல் இறங்கவில்லை. அக்காவை இவ்வளவு பெரியவளாக நான் முன்னால் பார்த்ததில்லை.

கிணற்று மேட்டு முள்ளை எல்லாம் வெட்டிப் போட்டேனே, அது அந்த அரிவாள்தான். உன் கூரையில் செருகிவிட்டு வந்திருக்கிறேன். அது அங்கேயே இருக்கட்டும்.

இங்கே எல்லாரும் பொழுது போகவில்லை என்று புலம்புகிறார்கள். நான் காவல்காரச் சிங்களவரோடு பேசிப் பேசிப் பாதி மொழியைப் பிடித்துவிட்டேன்.

உன் தம்பி
கருத்தக்கண்ணன்


பாறைப்பட்டி,
தாது வருஷம், மாசி 16

என் ராசாவுக்கு அக்காள் எழுதுவது. நான் சுகம். நீ கொழும்பில் இறங்கியதும் போட்ட கார்டு வந்தது. சோலை அண்ணனுக்கு என் கும்பிடைச் சொல். அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி.

போன வெள்ளிக்கிழமை மேலப்பட்டி விருமாண்டி வந்திருந்தார். கட்டினவர் பெயரை அக்காள் எழுதுகிறாளே என்று பார்க்கிறாயா? இத்தனை வருஷத்தில் வாயால் சொன்னதில்லை. கையால் எழுதினால் ஒன்றும் ஆகவில்லை.

நான் வாசலில் ஒரு விளக்கைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தேன். கையெல்லாம் கரி. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தேன். சொம்பைக் கையில் வாங்கிக்கொண்டு ஆரம்பித்தார்.

"அவ மாசமா இருக்கா. அவுக ஆத்தா வீட்டுக்குப் போயிருக்கா. வீட்ல ஒத்தையில கெடக்கேன். நீ வந்தியன்னா நல்லாருக்கும்."

"எனக்கு இப்ப ஒழியாதுங்க" என்றேன்.

"ஒழியாதா? ஒத்தக் கட்டைக்கு அம்புட்டு என்ன சோலி?"

எதைச் சொல்வது என்று யோசித்தேன். சொல்லி முடிக்க நேரமாகும் என்று தோன்றியது. "இந்த வெளக்கு சாயங்காலம் திருமங்கலத்துக் கல்யாணத்துக்குப் போகணும்" என்று மட்டும் சொன்னேன்.

"ஒரு வருசம் ஆச்சு. இன்னும் ஒனக்குக் கோவம் தீரலையா?"

அவர் சொல்லித்தான் எனக்கு ஒரு வருஷம் ஆனது உறைத்தது. அவர் இரண்டாம் தாலி கட்டிய அந்தத் தை மாத நாள் திரும்ப வந்தால் எப்படித் தாங்கப் போகிறேன் என்று ஒரு காலத்தில் பயந்து செத்தேன். அந்த நாள் வந்து போய்விட்டிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

"கோவமெல்லாம் இல்லைங்க. மறந்து போச்சு" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. மோரைக் குடித்துவிட்டுச் சொம்பை வைத்தார். "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபிறகு, அந்த நாளில் நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். தபால்காரர் சிவனாண்டி நம் வேப்பமர நிழலில் கஞ்சி குடிக்கிற நேரத்தில், அவருடைய சைக்கிளைக் கேட்டு வாங்கி நானும் தங்கப்பொண்ணும் தரிசில் ஓட்டிப் பழகினோம். அவள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். எப்போது கையை விட்டாள் என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச தூரம் நானாகப் போயிருக்கிறேன். திரும்பிப் பார்த்தேன், விழுந்துவிட்டேன். இரண்டு பேரும் எழுந்திருக்க முடியாமல் சிரித்தோம். முழங்கையில் பட்ட சிராய்ப்பு இன்னும் முழுசாக ஆறவில்லை. அந்த நாளைச் சொல்ல என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். பனியில் படுக்காதே.

உன் அக்காள்
சின்னத்தாய்